இரண்டு பேர், இரண்டு பெட்டி, எட்டு நாள்: ஜப்பான் நாட்குறிப்பு

புறப்படும் முன்

விமான டிக்கெட்டிலேயே தொடங்குவோம். டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவில் ஏறுவது போல எடுங்கள். போவதும் வருவதும் டோக்கியோ என்று எடுத்தால், கடைசியில் கியோட்டோவிலிருந்து திரும்பி வர ஆளுக்குச் சுமார் 14,000 யென் புல்லட் ரயிலுக்கே போய்விடும். 100 யென்னை 60 ரூபாய்க்குப் பக்கத்தில் என்று கணக்கு வைத்தால், இரண்டு பேருக்கும் 16,000 ரூபாய்க்கு மேல். அரை நாளும் போச்சு.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. நம் பள்ளி விடுமுறை தொடங்குகிற ஏப்ரல் கடைசியில்தான் அங்கே 'கோல்டன் வீக்'. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அந்த நாடே ரயில் ஏறும். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் என்கிற முன்னோர் வழிபாட்டு விடுமுறை, வருடக் கடைசியில் புத்தாண்டு, இந்த இரண்டும் அப்படித்தான். ஜூனில் மழை. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை இலை சிவக்கும் காலம். கூட்டம் இருக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். செர்ரிப் பூவுக்காக மட்டும் போகிறவர்கள் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஓட்டு நவம்பருக்கே.

இந்தியர்களுக்கு விசா வேண்டும். 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு இ-விசா தருகிறார்கள். விண்ணப்பம் விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையங்கள் வழியாகத்தான். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டமாட்டார்கள். அதற்குப் பதில் 'விசா வழங்கல் அறிவிப்பு' என்ற பக்கத்தைப் போனில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், பிரின்ட் எதுவும் செல்லாது. பக்கம் நேரலையில் ஓட வேண்டும். ஆக, சென்னை செக்-இன் கவுன்டரிலும் ஜப்பானில் இறங்கிய இடத்திலும் இன்டர்நெட் வேண்டும். இரண்டு பேர் விசாவையும் ஒரே போனில் வைத்துக்கொண்டு அந்த போனின் சார்ஜை விமானத்தில் படம் பார்த்துக் காலி செய்யாதீர்கள்.

இ-சிம் ஆளுக்கு ஒன்று. ஒருவர் வாங்கி மற்றவருக்கு ஹாட்ஸ்பாட் தருவது சிக்கனம் போலத் தெரியும். ரயில் நிலையத்தில் இருவரும் பிரிந்துவிட்டால் ஒருவர் கையில் வெறும் கேமராதான் மிஞ்சும்.

மருந்துப் பை: டாக்டர் சீட்டில் எழுதிய மாத்திரை ஒரு மாத அளவு வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் முன்அனுமதி வாங்க வேண்டும். சளி மாத்திரையில் 'சூடோஎஃபெட்ரின்' இருக்கிறதா என்று அட்டையின் பின்புறம் படித்துப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை. கோடீன் உள்ள இருமல் மருந்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், கறி ஊறுகாய், இறைச்சி எதுவும் பெட்டியில் வேண்டாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாங்காய் ஊறுகாய் போதும்.

அடுத்து, குட்டி ரைஸ் குக்கர். நிறையப் பேர் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் குக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. வோல்ட் பாதிக்கும் கீழே இறங்கினால் சூடு பாதியாவதோடு நிற்காது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அரிசி ஊறும், வேகாது. போன், லேப்டாப் சார்ஜரில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் தைரியமாகச் செருகலாம். பின் வேறு. இரண்டு தட்டையான தகடு உள்ள அடாப்டர் வேண்டும். ஆளுக்கொன்று வாங்குவதைவிட, ஒரு அடாப்டரும் நாலு யூஎஸ்பி துளை உள்ள ஒரு சார்ஜரும் போதும்.

பெட்டி. இந்தக் குறிப்பு முழுக்க அதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது. ஆளுக்கு 24 இன்ச்சுக்கு மேல் வேண்டாம். கூடவே இரண்டு இரவுக்கான துணி கொள்ளும் முதுகுப்பை ஒன்று. ஏன் என்பது மூன்றாம் நாள் தெரியும்.

முதல் நாள்: நரிடா விமான நிலையம்

இறங்குவதற்கு முன்பே 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் இருவரும் தனித்தனியே பதிந்து, க்யூஆர் கோடை போனில் சேமித்துக்கொள்ளுங்கள். குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் அதே கோடு. காகிதப் படிவமும் உண்டு, வரிசைதான் நீளம்.

வெளியே வந்ததும் முதல் வேலை பணம். செவன்-இலெவன் கடைகளில் இருக்கும் செவன் பேங்க் ஏடிஎம் வெளிநாட்டு அட்டைகளை எடுத்துக்கொள்ளும். அட்டையில் சர்வதேசப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் ஊரிலேயே திறந்து வைக்க வேண்டும். மறந்தால் ஓடிபி வராமல் அங்கே நின்று தவிக்க வேண்டியிருக்கும். 'ரூபாயில் கழிக்கவா, யென்னில் கழிக்கவா' என்று மெஷின் கேட்டால் யென். ரூபாய் என்று தொட்டால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் நஷ்டம். முதலில் 30,000 யென் எடுத்தால் போதும். கார்டு பல இடங்களில் ஓடும். கோயில் நுழைவுச் சீட்டு, சின்னச் சாப்பாட்டுக் கடை, லாக்கர், ரயில் அட்டையில் பணம் ஏற்றுவது இவற்றுக்குக் காசுதான்.

அடுத்தது சூய்க்கா அட்டை. மெட்ரோ, பஸ், கடை, தானியங்கிக் குளிர்பான மெஷின் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது, உள்ளே போனவரின் கணக்கு அதில் திறந்து கிடக்கும். சுற்றுலாக்காரர்களுக்கான 'வெல்கம் சூய்க்கா' 28 நாள் செல்லும். முன்பணம் இல்லை, ஆனால் மீதிப் பணம் திரும்பாது. ஐபோன் இருந்தால் வாலட்டிலேயே சூய்க்கா சேர்க்கலாம். இந்திய வங்கிகளின் 'Visa' கார்டுகள் சில அதில் மக்கர் செய்யும், அப்போது மெஷினில் நோட்டைச் செருகி ஏற்றிக்கொள்ளலாம். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் இது நடக்காது. பிளாஸ்டிக் அட்டையே வாங்குங்கள். வெளியேறும்போது பணம் போதாவிட்டால் கதவு சத்தத்தோடு மூடிக்கொள்ளும். பதற வேண்டாம், பக்கத்திலேயே கட்டணம் சரிசெய்யும் மெஷின் இருக்கும். அட்டையைச் செருகி, குறைகிறதைப் போட்டால் தீர்ந்தது.

நரிடாவிலிருந்து நகருக்குள் போக மூன்று வழி. ஓட்டல் எங்கே என்பதே முடிவு செய்யும். டோக்கியோ நிலையம், ஷின்ஜுக்கு பக்கம் என்றால் நரிடா எக்ஸ்பிரஸ், 3,000 யென்னுக்குக் கொஞ்சம் மேல். உவேனோ பக்கம் என்றால் ஸ்கைலைனர், நிப்போரி வரை 40 நிமிடம்கூட ஆகாது. அசகுசா என்றால் 'ஆக்சஸ் எக்ஸ்பிரஸ்' நேரே போகும். முன்பதிவு இல்லாத சாதாரண ரயில், ஏறக்குறைய பாதி விலை. அசகுசாவில் தங்கி இதில் போவதுதான் கையைக் கடிக்காத வழி.

ஓட்டல் அறையைப் பற்றி ஒன்று. 'செமி டபுள்' என்று போட்டிருந்தால் கட்டில் அகலம் 120 சென்டிமீட்டர். இரண்டு பேருக்கு அது போதாது, முதல் இரவே தெரிந்துவிடும். 'ட்வின்' என்று பார்த்து எடுங்கள். அறையே 13, 14 சதுர மீட்டர்தான் இருக்கும். இரண்டு பெட்டியை ஒரே நேரத்தில் விரிக்கத் தரை இருக்காது. ஒன்றைத் திறந்து, மற்றதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். செக்-இன் பெரும்பாலும் பகல் 3 மணிக்குத்தான். முன்பே போனால் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்குக் காசு கேட்பதில்லை.

இரண்டாம் நாள்: அசகுசா, உவேனோ

சென்சோ-ஜி கோயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது (குளிர்காலத்தில் 6.30). 8 மணிக்குள் பார்த்துவிட்டால் கடைவீதி பூட்டியிருக்கும், கூட்டமில்லாத கோயில் கிடைக்கும். அங்கிருந்து பத்து நிமிட நடையில், ஆற்றோரம், மாட்சுச்சியாமா ஷோதென் என்று ஒரு சின்னக் கோயில். சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. இங்கே இருப்பது காங்கிதென். நம் பிள்ளையார் பௌத்தத்தின் வழியாக ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த உருவம். மூலவர் யாருக்கும் காட்டப்படுவதில்லை. கொழுக்கட்டைக்குப் பதில் முள்ளங்கி படைக்கிறார்கள். வாசலிலேயே முழு முள்ளங்கி விற்பார்கள். கோயில் சுவரெங்கும் முள்ளங்கியும் சுருக்குப்பையுமாகச் செதுக்கியிருப்பதை நின்று பாருங்கள். உவேனோவில் ஷினோபாசு குளத்தின் நடுவில் இருக்கிற பென்தென்-தோவில் இருப்பது பென்சைதென், அதாவது சரஸ்வதி. ஜப்பானில் பொதுவாக இந்தத் தேவியின் கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பு வாத்தியம்.

இனி சாப்பாடு. அசைவக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். சைவக்காரர்களை ஏமாற்றுவது கண்ணுக்குத் தெரிகிற மீன் இல்லை, 'தாஷி' என்கிற அடிச்சாறு. மிசோ சூப், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைச் சுருள், கீரைக் கூட்டு போலிருப்பது, இனாரி சூஷியின் வறுத்த டோஃபு எல்லாவற்றிலும் அது இருக்கும். தாஷியில் போடுவது கட்சுவோபுஷி. நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால் மாசி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல ஆகும்வரை காயவைத்த அதே சரக்கு. இராமேஸ்வரம் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் இடித்துச் சம்பலில் போடுகிறோம், அங்கே சீவிக் கொதிக்கவைத்து வடிகட்டிவிடுகிறார்கள். மிதக்காத மீனை எப்படிக் கண்டுபிடிப்பது? 'இதில் மீன் இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் நல்ல மனதோடு சொல்வார்கள், துண்டு எதுவும் இல்லையே. 'நிக்கு, சகானா, கட்சுவோ தாஷி, தபேமாசென்' என்று சொல்லுங்கள். கறி, மீன், மாசிச் சாறு சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். இதையே ஜப்பானிய எழுத்தில் போனில் பெரிதாகப் போட்டு வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது.

அவசரத்துக்கு: கடைகளில் கிடைக்கும் 'ஷியோ முசுபி', வெறும் உப்புப் போட்ட சோற்றுருண்டை. உள்ளே ஊறுகாய்ப் பழம் வைத்த உமெபோஷி உருண்டையில் சிலவற்றில் மாசி வாசம் கலந்திருக்கும். தயிர், வாழைப்பழம், வறுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாக் கடையிலும் உண்டு. கோகோ இச்சிபன்யா என்ற குழம்புச் சோற்றுக் கடைகள் சிலவற்றில் சைவக் குழம்பு தனியாக இருக்கிறது, எல்லாக் கிளையிலும் இல்லை. இட்லி கேட்டு மனம் அடம் பிடித்தால் மெட்ரோவின் தோசாய் லைனில் நிஷி-கசாய் போங்கள். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதி, மளிகைக் கடையும் உண்டு.

குப்பைத்தொட்டி தெருவில் இருக்காது. பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், இரவு ஓட்டலில் கொட்டலாம். கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் வசதி நமக்கு ஊரைவிடச் சௌகரியம். கை துடைக்கக் காகிதம் பல இடங்களில் கிடையாது. ஆளுக்கொரு கைக்குட்டை.

மூன்றாம் நாள்: டோக்கியோ ரயில்கள், பெட்டி அனுப்பும் நாள்

காலை நெரிசல் நேரத்தில் நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்புப் பட்டை தெரிந்தால் அது பெண்கள் பெட்டி. கணவர் அதில் ஏறக்கூடாது. நம் சென்னை மின்சார ரயில் போலத்தான், நேரக் கட்டுப்பாடு மட்டும் உண்டு. 9.30-க்கு மேல் கிளம்பினால் இந்தப் பிரச்சினையே வராது.

ஒருவர் ஏறி ஒருவர் ஏறாமல் கதவு மூடிவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசிவையுங்கள். ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். விட்டுப்போனவர் அடுத்த ரயிலில் அதே பெட்டியில் ஏறி வர வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடிக் கிளம்பினால்தான் சிக்கல். ஷின்ஜுக்கு நிலையத்துக்கு 200-க்கு மேல் வாசல்கள். அங்கே 'வெளியே சந்திப்போம்' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. வாசலின் பெயரையோ எண்ணையோ சொல்லுங்கள். கூகுள் மேப்பில் எந்த வாசல், எந்தப் பெட்டி என்பதுவரை காட்டும்.

எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாக்காரர்கள் வலப்பக்கம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றால் சரி. ரயிலில் போன் பேசாதீர்கள். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்க வேண்டும், வெளிநாட்டவருக்கு அது சட்டம்.

மாலை ஓட்டலுக்குத் திரும்பியதும் பெரிய இரண்டு பெட்டியையும் கியோட்டோ ஓட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். இதற்குப் பெயர் தக்யூபின். கறுப்புப் பூனை படம் போட்ட யமாட்டோ நிறுவனத்தின் சேவை. ஓட்டல் வரவேற்பிலேயே எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் செவன்-இலெவன், ஃபேமிலிமார்ட் கடைகளில் கொடுக்கலாம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி அதற்கு விலை. 24 இன்ச் பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென்னுக்குள் வரும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மறுநாள் போய்ச் சேரும்.

படிவத்தில் நாலு விஷயம் தவறக்கூடாது: போய்ச்சேரும் ஓட்டலின் முகவரியும் போன் எண்ணும், யார் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயர், செக்-இன் தேதி, பெட்டி வந்துசேர வேண்டிய தேதி. அறை மனைவி பெயரில் இருக்க, பெட்டியைக் கணவர் பெயரில் அனுப்பினால் அந்த ஓட்டலில் 'இப்படி ஒருவர் வரவில்லையே' என்று திருப்பக்கூட வாய்ப்பு உண்டு. நாம் போய்ச்சேருவது ஐந்தாம் நாள். அந்தத் தேதியையே எழுதுங்கள். பணத்தை இங்கேயே கட்டிவிட்டு, கிடைக்கிற ரசீதைப் படமெடுத்து வையுங்கள். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், பவர் பேங்க் நான்கும் முதுகுப்பைக்கு வர வேண்டும். வரவேற்பில் மாலை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று காலையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. வண்டி போன பிறகு கொடுத்தால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

5,000 யென் சொச்சம் பெட்டிக்கா என்று தோன்றும். நாளைக்கு ஹக்கோனே மலைப் பகுதியில் ரயில், இழுவண்டி (விஞ்ச்), கம்பிவண்டி (ரோப் கார்), படகு, பஸ் என்று ஐந்து மாற வேண்டும். படிக்கட்டு ஒவ்வொன்றிலும் தெரியும்.

நான்காம் நாள்: ஹக்கோனே

ஷின்ஜுக்குவிலிருந்து ஒடாக்யூ ரயில். ஹக்கோனே ஃப்ரீபாஸ் என்று ஒரு சீட்டு, இரண்டு நாளுக்கு அந்த மலையில் உள்ள வண்டிகள் அநேகமாக எல்லாமும். ஷின்ஜுக்குவிலிருந்து தொடங்கும் பாஸில் டோக்கியோ திரும்பும் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. நாம் திரும்பப் போவதில்லை, ஒடவாராவிலிருந்து கியோட்டோ போகிறோம். ஒடவாராவில் தொடங்கும் பாஸ், சுமார் 6,000 யென், அது போதும். ஒடவாரா வரை சூய்க்காவில் தட்டிக்கொள்ளலாம்.

ஹக்கோனே-யுமோட்டோவிலிருந்து கோரா போகும் மலைரயில் 8.9 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 40 நிமிடம் எடுக்கும். மூன்று இடத்தில் நின்று, டிரைவரும் கண்டக்டரும் இடம் மாறி, ரயில் பின்பக்கமாக ஏறும். பல்சக்கரம் இல்லாமல் ஏறும் ரயிலுக்கு இது அசாத்தியச் சரிவு, 1,000 மீட்டருக்கு 80 மீட்டர். ஊட்டி ரயிலுக்கு இதே அளவுச் சரிவில் பல்சக்கரம் பூட்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோராவிலிருந்து இழுவண்டியில் சோவுன்சான், அங்கிருந்து கம்பிவண்டியில் ஓவாக்குதானி. கந்தகப் புகை கிளம்பும் எரிமலைப் பள்ளம். ஆஸ்துமாக்காரர்களும் கர்ப்பிணிகளும் இறங்க வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், விளையாட்டில்லை. காற்று பலமாக அடித்தாலும் வாயு கூடினாலும் கம்பிவண்டியை நிறுத்திவிடுவார்கள், மாற்றுப் பஸ் விடுவார்கள், நேரம் இரட்டிப்பாகும். காலையில் கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். இங்கே விற்கும் கறுப்பு முட்டை, ஊற்று நீரில் வேகவைத்ததால் ஓடு கறுத்தது. உள்ளே சாதாரண வெள்ளைதான், சுவையும் அப்படியே.

தங்குவது ரியோகான் என்கிற பாரம்பரிய விடுதி என்றால், இரவுச் சாப்பாடு 6 மணி, 7 மணி என்று குறித்த நேரம். தாமதமானால் சாப்பாடு இல்லை. மலைப் பஸ்களும் சீக்கிரம் முடிந்துவிடும். 5 மணிக்கு விடுதியில் இருங்கள். சைவம் என்றால் அறை எடுக்கும்போதே எழுதி, பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நேரில் சொன்னால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது, வருத்தப்படத்தான் முடியும்.

வெந்நீர்க் குளம், ஓன்சென். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, துணியில்லாமல்தான். வாசல் திரை நீலம் என்றால் ஆண்கள், சிவப்பு என்றால் பெண்கள். இரவில் பார்த்த திரையை நம்பிக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழையாதீர்கள், நள்ளிரவில் இரண்டையும் மாற்றிப் போடும் விடுதிகள் உண்டு. உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நன்றாகக் கழுவிய பிறகே குளத்தில் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது. கூச்சம் என்றால் 'கஷிகிரி' என்று கேளுங்கள். சின்னக் குளம் ஒன்றை முக்கால் மணி நேரத்துக்கு உங்கள் இருவருக்கு மட்டும் தருவார்கள். பச்சை குத்தியிருந்தாலும் அதுதான் வழி.

இதை எந்தக் கையேடும் நமக்காக எழுதவில்லை: மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றிவிடுங்கள். கந்தக நீரில் வெள்ளி சில நிமிடத்தில் கறுத்துவிடும். மெட்டியை எடுக்க மனமில்லையென்றால் கந்தகம் இல்லாத ஊற்றுள்ள விடுதியாகப் பார்த்து எடுங்கள். தாலிச் சங்கிலியும் செம்பு கலந்த தங்கம்தான், மங்கக்கூடும்.

யுகாத்தா அங்கியில் இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே போட்டால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

ஐந்தாம் நாள்: ஒடவாராவிலிருந்து கியோட்டோ

வேகமான நோசோமி புல்லட் ரயில் ஒடவாராவில் நிற்காது. ஹிக்காரி சில மட்டும் நிற்கும், அதில் 2 மணி நேரம். கொடாமா எல்லா நிலையத்திலும் நின்று, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுப் போகும், 3 மணி நேரத்துக்கு மேல். ஹிக்காரி நேரத்தைப் பார்த்து, அதற்கேற்ப விடுதியை விட்டுக் கிளம்புங்கள்.

ஏழு நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வேஸ்) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நீண்ட புல்லட் ரயில் பயணம்தான். பாஸ் வாங்கினால் பாதிக்கு மேல் வீண். பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்றும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

புல்லட் ரயிலுக்கான ஸ்மார்ட்இஎக்ஸ் ஆப்பில் டிக்கெட் எடுக்கலாம். உங்கள் கிரெடிட் கார்டைப் பதிவு செய்யும்போது ஓடிபி கேட்கும், எஸ்எம்எஸ் ஜப்பானில் வராமல் போகலாம். ஊரிலேயே பதிவை முடித்துவிடுங்கள். இரண்டு டிக்கெட் எடுத்தால் ஒவ்வொருவர் சூய்க்கா எண்ணையும் தனித்தனியே இணைக்க வேண்டும், அல்லது ஆளுக்கொரு க்யூஆர் கோடு. ஒரே போனை இருமுறை தட்டி உள்ளே போக நினைத்தால் கதவு விடாது.

இருக்கை: ஒரு பக்கம் ஏ-பி-சி, மறுபக்கம் டி-இ. தம்பதிக்கு டி-இ. மூன்றாவது ஆள் இல்லை, ஃபூஜி மலையும் அந்தப் பக்கமே. மிஷிமா நிலையம் தாண்டியதும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இருங்கள். ஷின்-ஃபூஜி தாண்டி ஆற்றுப் பாலத்தில் முழு மலை தெரியும். பாலம் கடக்கச் சில நொடிகள்தான். கேமராவை முன்பே திறந்து வையுங்கள். குளிர்காலக் காலைகளில் தெரியும், கோடையில் பெரும்பாலும் மேகத்துக்குள்.

பெட்டியை அனுப்பாமல் கூடவே எடுத்துவந்தவர்களுக்கு: மூன்று அளவும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் போனால், கடைசி வரிசைப் பெட்டியிட இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏற்றினால் 1,000 யென். 28 இன்ச் பெட்டிகளில் பல இந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

கியோட்டோ ஓட்டலில் அறை வாடகை போகத் தங்கும் வரி தனி. 2026 மார்ச் 1 முதல் ஏற்றியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு இரவு 6,000 முதல் 20,000 யென்னுக்குள் என்றால் தலைக்கு 400 யென். ஆன்லைனில் கட்டிய தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

ஆறாம் நாள்: கியோட்டோ

ஃபுஷிமி இனாரி கோயில் இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம். எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது, சாதாரண ரயிலில் ஏறுங்கள். காலை 7 மணிக்கு முன் போனால் சிவப்புத் தோரண வாயில்களுக்கு நடுவே ஆளில்லாத படம் கிடைக்கும். பாதி வழியில் யோத்சுத்சுஜி என்ற சந்திப்பு, 40 நிமிட ஏற்றம். நகரம் தெரியும். அதற்கு மேல் உச்சிவரை காட்சி ஒன்றும் இல்லை, முட்டி வலிக்காரர்கள் திரும்பிவிடலாம்.

அடுத்து சஞ்சூசான்கென்-தோ கோயில், 600 யென். 120 மீட்டர் நீள மண்டபத்தில் 1,001 கன்னோன் (கருணையின் போதிசத்துவர்) சிலைகள். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவார்கள். நீங்கள் முன்வரிசையில் இருக்கும் 28 காவல் தெய்வங்களைப் பாருங்கள். குழல் ஊதும் கருடன், பிரம்மா, இந்திரன் என்று நமக்குத் தெரிந்த முகங்கள். படமெடுக்க அனுமதி கிடையாது. செருப்பைக் கழற்றி, குளிர்ந்த மரத்தரையில் நடக்க வேண்டும். தடிமனான சாக்ஸ் நல்லது, ஓட்டை இல்லாததாக.

நகரப் பஸ் 230 யென். பின்கதவில் ஏறி, முன்கதவில் இறங்கும்போது தட்ட வேண்டும். மெஷின் சில்லறை தானாகத் தராது. 1,000 யென் நோட்டை முதலில் மாற்றிக்கொண்டு, சரியான காசைப் போட வேண்டும். பஸ் மட்டும் போகும் ஒரு நாள் பாஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது மெட்ரோவும் பஸ்ஸும் சேர்ந்தது, 1,100 யென். ஐந்து முறையாவது ஏறினால்தான் லாபம். பகலில் கியோமிசு கோயில் பக்கம் போகும் பஸ்ஸில் நிற்க இடம் கிடைப்பதே அரிது, ரயிலும் நடையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். கியோமிசு காலை 6 மணிக்குத் திறக்கிறது.

ஏழாம் நாள்: நாரா

கிந்தெத்சு ரயில், ஜேஆர் ரயில் இரண்டும் உண்டு. கட்டணம் ஏறக்குறைய ஒன்று. கிந்தெத்சு நாரா நிலையம் பூங்காவுக்குப் பக்கம். ஜேஆரிலிருந்து 20 நிமிடம் நடை.

பூங்காவில் திரியும் மான்களுக்குக் கொடுக்கும் பிஸ்கட், கட்டு 200 யென். கடைக்காரரிடம் வாங்கிய உடனே மான்கள் சூழ்ந்துகொள்ளும். பிஸ்கட்டை ஒளித்து வைத்து விளையாட்டுக் காட்டினால் கடிக்கும், முட்டும். ஒன்றொன்றாக வேகமாகக் கொடுத்து, முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள், போய்விடும். பையில் துருத்தி நிற்கும் வரைபடத்தையும் டிக்கெட்டையும் தின்றுவிடும். துப்பட்டா, முந்தானை கவனம்.

தோதாய்-ஜி கோயிலின் புத்தர் 15 மீட்டர் உயரம். 752-ல் இந்தச் சிலைக்குக் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற தென்னிந்தியத் துறவி. சீனா வழியாக 736-ல் ஜப்பான் வந்தவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்களாம். நம் கோயில்களில் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் நாள்: ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம்

ஹருக்கா எக்ஸ்பிரஸ், கியோட்டோவிலிருந்து 80 நிமிடம். வெளிநாட்டவருக்கான தள்ளுபடிச் சீட்டை ஆன்லைனில் முன்பே எடுத்தால் சுமார் 2,200 யென், நிலையத்தில் அப்போதே வாங்கினால் கூடுதல். சீட்டை மெஷினில் மாற்றி எடுக்க வரிசை நிற்கும், முந்தின நாள் மாலையே எடுத்து வையுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில். ஜப்பானிய விமானங்களில் 2025 ஜூலை முதல் அதைத் தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைக்கக்கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வரியில்லாமல் வாங்கிய பொருள்கள் இருந்தால், சுங்கத்தில் கேட்டால் காட்டும்படி மேலாக வையுங்கள். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. கடையில் வரியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, விமான நிலையத்தில் திரும்பப் பெற வேண்டும். அப்போது போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

சூய்க்காவில் மிச்சமிருக்கிற பணத்தை இங்கே கேட்டுப் பயனில்லை. சாதாரண சூய்க்காவைக்கூட டோக்கியோ பக்கத்து ஜேஆர் நிலையங்களில்தான் திருப்ப முடியும். விமான நிலையக் கடையில் நுழைந்து, ஊருக்கு வாங்க வேண்டிய கிட்காட், மாட்சா பொட்டலங்களைக் கூடையில் போட்டு, முதலில் அட்டையைத் தட்டி மீதியைக் காசாகக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். 37 யென், 112 யென் என்று தொங்கிக்கொண்டிருந்தது இரண்டு அட்டையிலும் பூஜ்யமாகிவிடும்.